வீட்டை விற்கிறோம், மனசை என்ன செய்வது?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் உறுப்பினர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)



இந்தக் கூட்டத்தில் சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன், தொழில் பயிற்சி என்று எத்தனையோ விஷயம் பேசியிருக்கிறோம். வீடு கட்டுவதற்குக் கடன் வாங்குவது எப்படி என்று இரண்டு கூட்டம் முழுக்கப் பேசினோம். ஆனால் வீட்டை விற்க வேண்டி வந்தால் என்ன செய்வது என்று ஒருநாள்கூடப் பேசியதில்லை. "வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். வீட்டை விற்றுப் பார் என்று யாரும் சொல்லவில்லை. அது வாயில் வரக்கூடாத பேச்சு என்று விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது.

ஆனால் அது நடக்கிறது. கடனுக்காக விற்கிறோம். பிள்ளைகள் திருப்பூர், கோயம்புத்தூர் என்று போய்விட்டதால் விற்கிறோம். வைத்தியச் செலவுக்கு விற்கிறோம். அண்ணன் தம்பி பாகம் பிரிக்க விற்கிறோம். எந்தக் காரணத்துக்கு விற்றாலும் பத்திரம், பட்டா, விலை, தரகு என்று நாலு பேர் நாலு யோசனை சொல்ல வருவார்கள். "உனக்கு எப்படி இருக்கு?" என்று கேட்க மட்டும் ஆள் இருப்பதில்லை. அதைத்தான் இன்றைக்குப் பேசப் போகிறோம். முதலில் நாங்கள் செய்த ஒரு தப்பிலிருந்து ஆரம்பிக்கிறோம்.

நாங்கள் செய்த தப்பு

நம் உறுப்பினர் ஒருவர். பெயர் வேண்டாம். விஷயத்தைச் சொல்லலாம் என்று அவரே சம்மதம் கொடுத்திருக்கிறார். மாமனார் கட்டிய ஓட்டு வீடு. பத்தொன்பது வயதில் அந்த வீட்டுக்கு வாழ வந்தவர். பின்பக்கம் ஒரு அறை எடுத்தபோது இடுப்பில் ஒரு பிள்ளை, தலையில் மண் சட்டி என்று வேலை பார்த்தவர். கொல்லையில் பன்னிரண்டு தென்னை நின்றது.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் அடித்ததை நம் பகுதியில் யாரும் மறக்க முடியாது. ஒரே ராத்திரியில் தென்னை அத்தனையும் சாய்ந்தது. அவர் வீட்டு ஓடு பாதி பறந்துவிட்டது. கூரையைச் சரி செய்யக் கடன். தென்னை வருமானம் நின்றதால் வீட்டுச் செலவுக்குக் கடன். அப்புறம் கணவருக்கு உடம்பு முடியாமல் போனதில் ஒரு கடன். வாரத் தவணை ஒரு பக்கம், மாதத் தவணை ஒரு பக்கம். நாலு வருஷத்தில் வீட்டை விற்றால்தான் தலை நிமிர முடியும் என்ற நிலைமை.

அந்த நேரத்தில் அவர் தொடர்ந்து மூன்று கூட்டத்துக்கு வரவில்லை. "தவணைக்குப் பயந்து ஒளிகிறார்" என்று குழுவில் பேச்சு வந்தது. தீர்மான நோட்டில்கூட எழுதிவிட்டார்கள். நாங்கள் வீட்டுக்குப் போனோம். அவர் கடனைப் பற்றிப் பேசவே இல்லை. நிலைப்படியைத் தடவிக்கொண்டே, "இது பலா மரத்து நிலை மேடம். எங்க மாமனார் தன் கையால இழைச்சது" என்றார். நாங்கள் என்ன செய்தோம்? பையிலிருந்து பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டோம். "பாருங்கம்மா, வித்தா இவ்வளவு வரும். கடன் இவ்வளவு போகும். மாசா மாசம் வட்டி மிச்சம். வாடகை கொடுத்தாலும் கையில நிக்கும். எதுக்கு அழறீங்க?" என்றோம். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு காபி போட உள்ளே போய்விட்டார். நாங்களும் ஒரு பிரச்சினையைத் தீர்த்துவிட்ட நினைப்பில் கிளம்பி வந்தோம்.

கணக்கு சரிதான். அதில் ஒரு ரூபாய் தப்பில்லை. ஆனால் அவர் கேட்டது கணக்கு இல்லை.

வீடு விற்றாயிற்று. மெயின் ரோட்டுப் பக்கம் வாடகை வீட்டுக்குப் போனார். வாங்கியவர் மூன்றாம் மாதம் ஜேசிபி வைத்து ஒரே காலையில் வீட்டை இடித்துவிட்டார். அதை இவர் ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போது யாரோ சொல்லித்தான் கேட்டிருக்கிறார். அன்றிலிருந்து ராத்திரித் தூக்கம் இல்லை. சோறு இறங்கவில்லை. பழைய தெரு வழியாகப் போக முடியாமல் ஒரு கிலோமீட்டர் சுற்றி நடந்து நூறு நாள் வேலைக்குப் போயிருக்கிறார். எங்களுக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது.

அவரை மீட்டது நாங்கள் இல்லை. அதே குழுவில் கையெழுத்துப் போடத் தெரியாத, கைநாட்டு வைக்கிற ஒரு பெரியம்மா. ஒருநாள் மத்தியானம் வெற்றிலைப் பையோடு போய் உட்கார்ந்து, "அந்த வீட்டுல எந்த எடத்துலம்மா நீ படுப்ப?" என்று கேட்டிருக்கிறார். அவ்வளவுதான். அந்த ஒரு கேள்விக்கு அவர் விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் பேசினார். பெரியவன் கூடத்தில் பிறந்தது, மகளுக்குச் சடங்கு சுற்றியது, மாமியாரைக் கிடத்தியது, எந்த ஓட்டில் மழைக்கு ஒழுகும், அதற்கு எந்தச் சட்டி வைப்பார், எல்லாம் சொன்னார். பெரியம்மா ஒரு யோசனையும் சொல்லவில்லை. "ஆமா", "அப்புறம்" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அன்று ராத்திரிதான் ரொம்ப நாளைக்கு அப்புறம் தூங்கியதாக அவர் பின்னால் எங்களிடம் சொன்னார்.

சமூகப் பணி படித்துப் பட்டம் வாங்கிய எங்களுக்கு அன்றைக்கு அந்தப் பெரியம்மாதான் ஆசிரியர்.

ஏன் இவ்வளவு வலிக்கிறது?

ஒரு வீட்டில் ஆணும் பெண்ணும் சேர்ந்துதான் இருக்கிறோம். ஆனால் நாள் முழுக்க வீட்டோடு இருக்கிற கை யாருடையது? வாசல் தெளித்துக் கோலம் போடுகிற கை, சாணி மெழுகின கை, அடுப்பை ஊதின வாய், கிணற்றடியில் துணி துவைத்த முதுகு எல்லாம் நம்முடையது. அடுப்படி இருட்டில் தீப்பெட்டி எங்கே இருக்கிறது என்று கைக்குத் தெரியும். புது வீட்டில் அந்தக் கை தடுமாறுகிறது. அதனால் நமக்கு ஒரு வேதனை வந்தால் அது பைத்தியக்காரத்தனம் இல்லை, பேராசையும் இல்லை. பழகின மனுஷரை இழந்தால் வருகிற துக்கம் மாதிரிதான் இதுவும்.

சாவு வீட்டுக்கு நாலு பேர் வருகிறார்கள். கட்டிப்பிடித்து அழ ஆள் இருக்கிறது. பதினாறாம் நாள் என்று ஒரு கணக்கு இருக்கிறது. வீடு போன துக்கத்துக்கு அப்படி ஒன்றும் இல்லை. அதற்குப் பதிலாக என்ன வருகிறது? பேச்சுதான் வருகிறது. "பூர்வீகச் சொத்தை வித்தா விளங்குமா?" "மாமனார் தேடினதை மருமக தின்னுட்டா." புயல் வந்ததும் வைத்தியம் பார்த்ததும் யாருக்கும் ஞாபகம் வராது. பழி மட்டும் வீட்டுப் பெண் தலையில் விழும். துக்கத்தோடு இந்த வெட்கமும் சேரும்போதுதான் பெண்கள் வெளியில் வராமல் வீட்டுக்குள்ளேயே முடங்கிவிடுகிறார்கள்.

சகோதரிகளே, ஒன்றை உறுதியாகச் சொல்கிறோம். கடனை அடைப்பதற்காக வீட்டை விற்றவர் யாருக்கும் துரோகம் செய்யவில்லை. வாங்கின கடனுக்கு வாக்குத் தவறாமல் நின்றவர் அவர். அதில் தலை குனிய என்ன இருக்கிறது?

வெட்கம் பணத்தையும் தின்னும்

"மனசு சமாச்சாரம்தானே, காலம் போனால் ஆறிவிடும்" என்று சிலர் நினைக்கலாம். மனசைக் கவனிக்காமல் விட்டால் கைப்பணமும் போகும் என்பதை நாங்கள் கண்ணால் பார்த்திருக்கிறோம்.

ஊருக்குத் தெரியக்கூடாது என்று ரகசியமாக விற்கிறவர்கள் முதலில் வந்த தரகர் சொன்ன விலைக்குக் கொடுத்துவிடுகிறார்கள். பக்கத்தில் போன மாதம் என்ன விலைக்குப் போனது என்று விசாரிப்பதில்லை. அரசு வழிகாட்டி மதிப்பைப் பதிவுத்துறை இணையதளத்தில் பணம் கட்டாமலே பார்க்கலாம். படித்த பிள்ளை யாராவது செல்போனில் பார்த்துச் சொல்லும். அதையும் கேட்பதில்லை. இன்னும் சிலர், கடன் கொடுத்தவர் சொன்னார் என்று கடனுக்கு ஈடாகக் கிரயப் பத்திரமோ பவர் பத்திரமோ எழுதிக் கொடுத்துவிட்டு, "கடனை அடைச்சா திருப்பித் தருவாங்க" என்று நம்பி இருக்கிறார்கள். தயவு செய்து இதைச் செய்யாதீர்கள். கடன்காரர் மிரட்டுகிறார் என்பதற்காக ஒரே ராத்திரியில் முடிவு எடுக்க வேண்டியதில்லை. மிரட்டிக் கடன் வசூலிப்பதைத் தடுக்கத் தமிழ்நாடு அரசு 2025-ல் தனியாக ஒரு சட்டமே கொண்டு வந்திருக்கிறது. குழுவில் சொல்லுங்கள். கூட்டமைப்பிலிருந்து இரண்டு பேர் கூட வருவோம்.

விற்ற பிறகும் இதே கதைதான். கையில் மொத்தமாகப் பணம் இருக்கும், மனசில் ஒரு பெரிய ஓட்டை இருக்கும். அந்த ஓட்டையை அடைக்க ஒரு நகை, ஒரு பைக், ஒரு விசேஷம். "உங்ககிட்டதான் இப்ப காசு இருக்கே" என்று சொந்தக்காரர் ஒருவர் வருவார். இல்லை என்று சொல்லத் தெம்பு இருக்காது. ஆறு மாதத்தில் வீடும் இல்லை, பணமும் இல்லை என்று நிற்கிற குடும்பங்கள் உண்டு. அதனால் கடனை அடைத்தது போக மீதிப் பணத்தை உங்கள் பெயரும் சேர்ந்த வங்கிக் கணக்கில் போட்டுவிட்டு, மனசு நிதானத்துக்கு வருகிற வரைக்கும் பெரிய முடிவு எதுவும் எடுக்காதீர்கள்.

"கையெழுத்துக்கு மட்டும் கூப்பிட்டாங்க"

இன்னொரு உறுப்பினர் சொன்னது இது. கணவர் இறந்து மூன்று வருஷம். மகன்கள் பேசி முடித்துவிட்டார்கள். ஒருநாள் காலையில் வேன் வந்தது. "அம்மா, ஒரு கையெழுத்துப் போடணும், சேலையை மாத்திட்டு வா" என்றார்கள். வேனில் போகும்போதுதான் வீட்டை விற்கிற விஷயமே அவருக்குத் தெரியும். பதிவு அலுவலகத்தில் போட்டோ எடுத்தார்கள், ரேகை வைத்தார்கள், முடிந்தது. "வித்தது தப்புன்னு சொல்லல மேடம். அந்தப் பயலுகளுக்கும் கஷ்டந்தான். ஆனா ஒரு வார்த்தை கேட்டிருந்தா, நானே சரின்னு சொல்லியிருப்பேனே" என்றார். இதைச் சொல்லும்போது அவர் அழவில்லை. எங்களுக்குத்தான் தொண்டை அடைத்தது.

வீடு போன வலியைவிடக் கேட்காமல் போன வலி பெரிது. அதனால் சட்டத்தையும் கொஞ்சம் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, ஒருவர் உயில் எழுதாமல் இறந்துபோனால் அவருடைய சொந்தச் சொத்தில் மனைவி, மகன்கள், மகள்கள், உயிரோடு இருந்தால் அவருடைய அம்மா, எல்லோருக்கும் சம பங்கு உண்டு. கூட்டுக்குடும்பப் பூர்வீகச் சொத்தில் மகனுக்கு உள்ள அதே உரிமை மகளுக்கும் உண்டு என்று 2005-ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்கிறது. மற்ற மதத்தவர்களுக்கு அவரவர் சட்டம் இருக்கிறது, விசாரித்துக்கொள்ளுங்கள். கையெழுத்துக் கேட்டால், "எதுக்கு, எவ்வளவுக்கு, என் பங்கு எங்கே?" என்று கேட்பது சண்டை இல்லை. அது உங்கள் உரிமை.

வீடு கணவர் பெயரில் மட்டும் இருந்து, அவர் உயிரோடு இருக்கும்போது விற்றால், சட்டப்படி உங்கள் கையெழுத்து தேவைப்படாமலும் போகலாம். ஆனாலும் உட்கார்ந்து பேசச் சொல்லிக் கேளுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் உட்கார்ந்து ஏன் விற்கிறோம், எங்கே போகிறோம் என்று பேசிவிட்டால் பாதிப் பாரம் இறங்கிவிடும். பிள்ளைகளிடமும் சொல்லுங்கள். பள்ளிக்கூடத்தில் மற்ற பிள்ளை சொல்லித் தெரிந்துகொண்டால் அது மனசில் தைத்துவிடும். வயசான மாமியார் இருந்தால் அவர்களிடம்தான் முதலில் சொல்ல வேண்டும்.

நல்லபடியாக விடைபெற்ற ஒரு குடும்பம்

விற்றும் மனசு உடையாமல் வந்தவர்கள் இருக்கிறார்களா என்றால், இருக்கிறார்கள். நம் குழு ஒன்றின் பிரதிநிதி, பிள்ளைகளோடு திருப்பூர் போவதற்காகப் போன தையில் வீட்டைக் கொடுத்தார். அவர் செய்த சில காரியங்களை நீங்களும் செய்யலாம்.

வாங்குகிறவரிடம் முன்கூட்டியே பேசி, பொங்கல் கழித்துச் சாவி தருவதாக ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொண்டார். கடைசிப் பொங்கலை அந்த வீட்டு வாசலிலேயே வைத்தார்கள். அம்மியும் ஊஞ்சல் பலகையும் தமக்கு என்று அதையும் எழுத்தில் வாங்கிக்கொண்டார். "எல்லாம் வீட்டோட சேர்த்திதான்" என்று பின்னால் தகராறு வரவில்லை.

மகன் செல்போனில் ஒவ்வொரு அறையாகப் படம் எடுத்தான். பிள்ளைகள் வளர வளரச் சுவரில் போட்ட கோடுகளையும் எடுத்தான். அந்தக் கோடுகளின் அளவை மகள் ஒரு நூலில் முடிச்சுப் போட்டு எடுத்து வைத்துக்கொண்டாள்.

கொல்லை முருங்கையில் ஒரு போத்து வெட்டிக்கொண்டு போனார்கள். முருங்கை போத்து எங்கே நட்டாலும் துளிர்க்கும், உங்களுக்குத் தெரியாததா? வாடகை வீட்டில் மண் தரை இல்லாததால் பழைய பெயிண்ட் டப்பாவில் வைத்திருக்கிறார்களாம். இலை விட்டுவிட்டது என்று போன வாரம் போனில் சொன்னார்.

கடைசி நாள் வீட்டைக் கூட்டிக் கழுவி, கோலம் போட்டு, விளக்கு ஏற்றி, "எங்களை நல்லா வெச்சிருந்த, வர்றவங்களையும் நல்லா வெச்சிரு" என்று சொல்லிவிட்டுச் சாவியைக் கொடுத்தார். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து கூட நின்று அழுதார்கள். சாவு வீட்டுக்கு நாலு பேர் வருகிற மாதிரி இதற்கும் நாலு பேர் வந்தார்கள் பாருங்கள், அதுதான் வேண்டும்.

இன்னொன்றையும் அவர் தெளிவாக வைத்துக்கொண்டார். "வாங்கினவங்க இடிப்பாங்களோ, மாத்திக் கட்டுவாங்களோ, அது அவங்க இஷ்டம்" என்று பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிட்டார். திடீரென்று கேள்விப்பட்டு அதிர்ந்துபோவதைவிட, எதிர்பார்த்து இருப்பது நல்லது.

விற்ற பிறகு

முதல் சில வாரம் கஷ்டமாகத்தான் இருக்கும். வாடகை வீடு என்று சாமான் மூட்டையைப் பிரிக்காமல் வைக்காதீர்கள். முதல் நாளே சாமி படம் மாட்டி, பால் காய்ச்சி, வாசலில் கோலம் போடுங்கள். அடுப்படியை உங்கள் கைக்குத் தோதாக அடுக்குங்கள். இருக்கிற இடத்தை நம் வீடு என்று எடுத்துக்கொள்ள வாடகை ரசீது தடை இல்லை.

பழைய தெருவைப் பார்க்க முடியவில்லை என்றால் கொஞ்ச நாள் சுற்றிப் போங்கள், தப்பில்லை. ஆனால் பழைய சினேகிதிகளைச் சுற்றிப் போகாதீர்கள். குழுக் கூட்டத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் பிடிப்பு இல்லை, செத்துப்போகலாம் என்ற நினைப்பு வருகிறது என்றால் தனியாகச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். அந்தக் கடைசி நினைப்பு வந்தால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே சொல்லுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரிடம் போங்கள். 14416 என்ற இலவச எண்ணுக்குப் போன் செய்தால், எந்த நேரமானாலும் தமிழிலேயே மனநல ஆலோசனை சொல்வார்கள். காய்ச்சலுக்கு மாத்திரை வாங்குகிற மாதிரிதான் இதுவும். வெட்கப்பட ஒன்றும் இல்லை.

குழுக்கள் என்ன செய்யலாம்?

ஒரு உறுப்பினர் இரண்டு கூட்டத்துக்கு வரவில்லை என்றால், தீர்மான நோட்டில் எழுதுவதற்கு முன்னால் ஊக்குநரும் இன்னொருவரும் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். தவணையைப் பற்றிப் பிறகு பேசலாம். போனால் "அழாத", "போனது போகட்டும்", "எல்லாம் நல்லதுக்குத்தான்" என்று சொல்லாதீர்கள். இது எங்களுக்கும் சேர்த்துச் சொல்வது. பெரியம்மா மாதிரி ஒரு கேள்வி கேட்டுவிட்டுச் சும்மா உட்காருங்கள். சாமான் ஏற்றுகிற அன்றைக்கு நாலு பேர் போய்க் கூட நில்லுங்கள். ஒரு வேளைச் சோறு ஆக்கிக் கொடுங்கள். "வீட்டை வித்துத் தின்னுட்டா" என்று யாராவது பேசினால், கேட்டுக்கொண்டு நிற்காமல், "அவ கடனை அடைச்சா" என்று திருப்பிச் சொல்லுங்கள்.

முதலில் சொன்ன அந்த உறுப்பினர் இன்றைக்கு இந்தக் கூட்டத்துக்கு வந்திருக்கிறார். கடன் முழுக்க அடைத்துவிட்டார். சொந்த வீடு இன்னும் இல்லை. போன மாதம் ஒருநாள் தானாகவே பழைய தெரு வழியாக நடந்து வந்தாராம். "இப்ப அங்க புதுசா ஒரு மாடி வீடு நிக்குது மேடம். வாசல்ல ஒரு சின்னப் புள்ள விளையாடுது. கொஞ்ச நேரம் பாத்துட்டு வந்துட்டேன்" என்றார். நாங்கள் பேப்பரை எடுக்கவில்லை, கணக்கும் போடவில்லை. "அப்புறம்?" என்று மட்டும் கேட்டோம்.

அன்றைக்குக் கேட்கத் தவறியதற்காக, உங்கள் எல்லோர் முன்னாலும் அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம்.